தேதி சொல்லுங்கள்: புதுக்கோட்டை மாவட்டத்தின் உணவு, உழவுக் கோரிக்கைச் சாசனம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் நெல் நடுகிறவர்கள், கடலை பறிக்கிறவர்கள், பூ எடுக்கிறவர்கள், குத்தகைக்கு உழுகிறவர்கள், மாதாமாதம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள் ஆகிய நாங்கள் இந்தச் சாசனத்தை மாநில அரசின் முன்னும் ஒன்றிய அரசின் முன்னும் மாவட்ட நிர்வாகத்தின் முன்னும் வைக்கிறோம். இதில் உள்ளவற்றில் பல ஏற்கெனவே சட்டமாக வந்தவை, அடிக்கல் நாட்டப்பட்டவை, மேடையில் வாக்களிக்கப்பட்டவை. அவற்றின் நியாயத்தைப் பற்றி மறுபடியும் வாதாட நாங்கள் வரவில்லை. 2030-க்குள் பசியை ஒழிப்போம் என்று 2015-இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலக நாடுகள் உறுதி ஏற்றன, இந்தியாவும் ஏற்றது. அந்தக் கெடுவுக்கு இன்னும் சில போகங்களே மிச்சம் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாங்கள் கேட்பது ஒரு தேதி.

முதலில் கண்மாய். காவிரித் தண்ணீர் எட்டும் கடைமடைப் பகுதி போக, எங்கள் மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. அதனால்தான் இங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் ஏரிகளும் வெட்டப்பட்டன. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்ததை நிரப்பும். அது நிறைந்து அதற்கடுத்ததுக்குப் போகும். தாது வருஷப் பஞ்சம் முடியும் தறுவாயில், 1878-இல், புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குத் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி நகரத்தில் புதுக்குளம் வெட்டியதும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான். இன்று கண்மாய்க்குள் மண் அள்ளும் வேலை அவ்வப்போது நடக்கிறது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரிகளோ தூர்ந்து, சீமைக்கருவேல் மண்டி, பல இடங்களில் பட்டா நிலம்போல உழப்பட்டுக் கிடக்கின்றன. வாரி அடைபட்ட கண்மாயை எத்தனை அடி ஆழப்படுத்தினாலும் அதில் தண்ணீர் நிற்காது. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் ஒவ்வொரு வாரியும் கோடாக இருக்கிறது. அந்தக் கோட்டைத் தரையில் அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். எந்தக் கண்மாய்க்கு எந்த வாரி, அது எத்தனை அடி அகலம் என்பதை ஊர்ச் சாவடியில் எழுதி வைக்க வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வண்டல் மண்ணை உழவர்களும் மண்பாண்டம் செய்பவர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று 2024-இல் விதி எளிதாக்கப்பட்டது. கொத்தமங்கலத்து இளைஞர்கள் 2019-இல் அரசை எதிர்பார்க்காமல் தாங்களே பணம் திரட்டிக் குளம் தூர்வாரிக் காட்டினார்கள். சட்டமும் விதியும் ஆளும் இருக்கும்போது வேலை நிற்கக் காரணம் இல்லை. வட்டத்துக்கு முதல் ஐம்பது கண்மாய்களின் வாரிகள் வரும் ஐப்பசி மழைக்கு முன் திறக்கப்பட வேண்டும். அந்த மழையைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

வாரிகளைப் பற்றிப் பேசும்போது தைலமரக் காடுகளைப் பேசாமல் போக முடியாது. எங்கள் ஊர்களில் ஆர்.எஸ்.பதி என்று சொல்கிற இந்த மரத்தை, 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் எங்கள் மாவட்டத்தில் பெரிய பரப்பில் வளர்த்து, காகித ஆலைகளுக்கு வெட்டி விற்கிறது. மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுவது ஒரு பக்கம். அதைவிட உடனடியான கேடு, மழைநீரை மரத்துக்கே தேக்குவதற்காகக் காட்டுக்குள் போடப்பட்டுள்ள வரப்புகள். மேட்டில் பெய்யும் மழை அந்த வரப்பிலேயே நின்றுவிடுகிறது. கீழே இருக்கும் கண்மாய்க்கு இறங்குவதில்லை. மேட்டுக் காடுதான் கண்மாயின் நீர்ப்பிடிப்பு என்பது எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரியும். எங்கள் கோரிக்கை இரண்டு படி. இந்த ஆண்டே அந்த வரப்புகளை உடைத்து, மழைநீர் இறங்கும் பழைய ஓடைகளைத் திறந்துவிட வேண்டும். வெட்டு முடிந்த காடுகளில் மறுபடியும் தைலமரம் நடாமல், முந்திரி, பலா, நாவல், இலுப்பை, வேம்பு போன்ற மரங்களை வைத்து, பலன் எடுக்கும் உரிமையை அருகில் உள்ள ஊர்ப் பெண்கள் குழுக்களுக்குத் தர வேண்டும். ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரி வறுத்து விற்றே குடும்பங்கள் பிழைக்கின்றன. எந்த மரம் இந்த மண்ணில் மக்களுக்குச் சோறு போடும் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயை முடித்துத் தாருங்கள். கரூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரியின் வெள்ள உபரியில் வினாடிக்கு 6,300 கனஅடி வரை எடுத்து, 262 கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோகும் திட்டம் இது. மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை வட்டம் குன்னத்தூரில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அடிக்கல் நாட்டினார். தெற்கு வெள்ளாறு வரையிலான முதல் கட்டம் மட்டும் 118 கிலோமீட்டர். அது முடிந்தாலே எங்கள் மாவட்டத்து வறண்ட வட்டங்களுக்கு வழி பிறக்கும். கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. வழக்கை மாநில அரசு உறுதியோடு நடத்தட்டும். 2018-லும் 2022-லும் 2024-லும் மேட்டூர் நிரம்பி வழிந்து கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போன தண்ணீரில் யாருடைய பங்கும் இல்லை என்பதை அங்கே எடுத்து வைக்கட்டும். ஆனால் நிலம் எடுப்பதற்கும் எடுத்த நிலத்துக்குப் பணம் தருவதற்கும் கால்வாய் வெட்டுவதற்கும் ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்படும், எந்த ஆண்டு எந்த ஊர் வரை வெட்டி முடிப்பார்கள் என்ற கால அட்டவணை வெளியிட எந்த வழக்கும் தடையாக இல்லை. நிலம் கொடுத்தவர்களும் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களும் எங்கள் ஊர்க்காரர்களே. இருவருக்கும் அந்த அட்டவணை வேண்டும்.

கல்லணைக் கால்வாயின் கடைமடைக்கும் இதே பேச்சுதான். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பாசனத்துக்கு வந்த கால்வாய் இது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கத்து ஏரிகளுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. கால்வாயைப் புதுப்பிக்க 2,639 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். வேலை எங்கே தொடங்கினாலும் அதன் பலன் கடைசி மடையில்தான் அளக்கப்பட வேண்டும். முறைப்பாசனத்தில் கடைமடையின் முறை எந்தத் தேதி, எத்தனை நாள், எவ்வளவு கனஅடி என்பதை அணை திறக்கும் நாளிலேயே நாகுடியிலும் அறந்தாங்கியிலும் எழுதி ஒட்ட வேண்டும். அடித்தளத்தில் கான்கிரீட் போட்டால் வழியோரக் கிணறுகள் வற்றும் என்று உழவர்கள் சொல்லி வருவதற்குக் காது கொடுத்து, வேலை முறையை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

நிலத்தைக் காக்கும் சட்டம் மாவட்டம் முழுவதற்கும் வேண்டும். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே போராட்டத்தில் உட்கார்ந்தது. வடகாட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் அதே தீ பற்றியது. மூன்று ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரியில், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுத் தேடலும் உருக்காலையும் தாமிர உருக்காலையும் தோல் பதனிடும் ஆலையும் புதிதாக வரக்கூடாது என்று அது சொல்கிறது. இது எங்கள் மக்கள் பெற்ற வெற்றி. ஆனால் எங்கள் மாவட்டத்தில் உள்ள 13 ஒன்றியங்களில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி என ஐந்து மட்டுமே அதற்குள் வந்தன. கந்தர்வக்கோட்டையில் விளையும் கடலையும் அன்னவாசலில் விளையும் நெல்லும் உணவு இல்லையா? மீதி எட்டு ஒன்றியங்களையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். பழைய சோதனைக் கிணறுகளை நிரந்தரமாக மூடி, மண்ணைச் சீராக்கி, நிலத்தை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். சட்டத்தில் ஒன்றியங்களின் பெயரைச் சேர்க்க ஒரு சட்டமன்றக் கூட்டத்தொடர் போதும்.

நெல் கொள்முதல் எங்கள் அடுத்த கோரிக்கை. குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2021 சட்டமன்றத் தேர்தலில் சொன்னார்கள். மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து பொது ரகத்துக்கு 2,500, சன்னரகத்துக்கு 2,545 என்று கிடைக்கத் தொடங்கியது 2025 செப்டம்பரில். அந்த நான்கு ஆண்டில் உழவு டிராக்டர் வாடகையும் அறுவடை இயந்திர வாடகையும் ஆள் கூலியும் காத்திருக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் 2006-இல் சொன்ன ஐம்பது விழுக்காட்டை, நில வாடகையும் சேர்த்த முழுச் செலவின் மேல் வைத்து விலை கணக்கிட வேண்டும். அதை ஒன்றிய அரசு சட்டமாக்க வேண்டும். விலை ஒரு பாதி என்றால், அந்த விலை கைக்கு வருவது மறு பாதி. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் நெல்லை எடுப்பதில்லை. தை, மாசி அறுவடையில் பனியிலும் மழையிலும் சாலையில் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, இரவெல்லாம் காவல் இருக்கிறோம். ஒவ்வொரு வட்டத்திலும் நெல் உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட களமும் அடுத்த சம்பா அறுவடைக்கு முன் வர வேண்டும். மழை பெய்த ஆண்டில் ஒவ்வொரு முறையும் டெல்லிக்கு எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்து, பிறகு தளர்வு தருவது என்ற முறையை விட்டு, மழை அளவைப் பார்த்து மாவட்ட ஆட்சியரே அந்த வாரத்திலேயே தளர்வு அறிவிக்க அதிகாரம் தர வேண்டும். சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது எங்கே நடந்தாலும் ஒரே நாளில் நடவடிக்கை வேண்டும். நாற்பது கிலோவுக்கு மேல் ஒரு பிடி நெல்லும் கூடுதலாகப் போகாதபடி மின்னணுத் தராசின் எண் உழவர் கண்ணுக்குத் தெரியும் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை; தராசைத் திருப்பினால் போதும்.

இந்தச் சாசனத்தில் நாங்கள் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது பருப்பையும் எண்ணெயையும் பற்றி. ஆலங்குடி அருகே வம்பனில் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 உளுந்து ரகங்கள் தமிழ்நாடெங்கும் விதைக்கப்படுகின்றன. மாநிலத்துக்கே உளுந்து விதை கொடுக்கிற மண்ணில் வாழும் நாங்கள் ரேஷன் கடையில் என்ன வாங்குகிறோம்? துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் வாங்குகிறோம். விலை குறைவு என்பது உண்மை. ஏழை வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது என்பதும் உண்மை. அந்தச் சலுகையில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. ஆனால் இந்தியா துவரையை மொசாம்பிக்கிலிருந்தும் மலாவியிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வரவழைக்கிறது. பாமாயிலை இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வாங்குகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 வரை அந்தத் தடை நீடித்தது. ஒரு நாட்டின் முடிவு எங்கள் ஊர் மளிகைக் கடை வரை எண்ணெய் விலையை உலுக்கியது. கடல் கடந்து வரும் பொருளை நம்பி ஏழைக் குடும்பத்தின் தாளிப்பு இருப்பது பாதுகாப்பு ஆகாது. முன்பு ரேஷனில் உளுத்தம் பருப்பும் கிடைத்தது, நிறுத்திவிட்டார்கள். அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். அந்த உளுந்தை இந்த மாவட்டத்திலும் காவிரிப் படுகையிலும் நெல் தரிசில் விளைவித்த உழவர்களிடம், ஒன்றிய அரசு 2025–26-க்கு அறிவித்த குவிண்டால் 7,800 ரூபாய்க்குக் குறையாமல் வாங்க வேண்டும். பாமாயிலோடு கூடவே கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கடையில் இருக்க வேண்டும். அட்டைதாரர் விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடைகளில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். ஆலங்குடி, கந்தர்வக்கோட்டைக் கடலையும் கீரமங்கலம் பகுதித் தேங்காயும் இருக்க, சரக்கு எங்கே என்ற கேள்வி எழாது. அடுத்த பொங்கலுக்குள் தொடங்க முடியும்.

இதோடு தொடர்புடைய ஒன்றை ஒன்றிய அரசிடம் கேட்கிறோம். உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம், அரசு உழவரிடம் ஆதரவு விலையில் தானியம் வாங்குவதை 1986–88 ஆண்டுகளின் விலையோடு ஒப்பிட்டு, உற்பத்தி மதிப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய விலையை வைத்து இன்றைய உழவரை அளப்பது என்ன நீதி? 2013 டிசம்பரில் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்தது தற்காலிகப் பாதுகாப்பு மட்டுமே. நிரந்தரத் தீர்வு 2024-இல் அபுதாபி மாநாட்டிலும் வரவில்லை. எங்கள் நேரடிக் கொள்முதல் நிலையமும் இருபது கிலோ இலவச அரிசியும் அந்தத் தற்காலிகப் பாதுகாப்பின் கீழேதான் நிற்கின்றன. நிரந்தரத் தீர்வு வரும்வரை வேளாண்மை தொடர்பான எந்த ஒப்பந்தத்திலும், எந்த நாட்டோடும், இந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அதன் வரைவு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், தமிழிலும் வெளியிடப்பட வேண்டும்.

வயிறு நிறைவது மட்டும் உணவுப் பாதுகாப்பு ஆகிவிடாது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. அரிசியை இலவசமாகத் தரும் மாநிலத்தில் இந்த நிலை என்றால், தட்டில் அரிசியைத் தவிர வேறு என்ன விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கேழ்வரகை நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல் ரேஷனில் தரத் தொடங்கினார்கள். வானம் பார்த்த புதுக்கோட்டைக்கும் அதைக் கொண்டுவருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும், அங்கன்வாடிகளையும், 1982 முதல் நடக்கும் சத்துணவையும் நாங்கள் மனதார வரவேற்கிறோம். அவற்றுக்கு வேண்டிய காய்கறி, பயறு, முட்டை, சிறுதானியத்தில் குறைந்தது முப்பது விழுக்காட்டை அந்தந்த ஒன்றியத்துச் சிறு உழவர்களிடமும் பெண்கள் குழுக்களிடமும் வாங்க வேண்டும். பிரேசில் 2009-இல் பள்ளி உணவுக்கான பணத்தில் முப்பது விழுக்காட்டைச் சிறு உழவர் குடும்பங்களிடம் செலவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. 2025-இல் அந்த நாட்டின் பெயர் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து நீங்கியது. ஒடிசா கேழ்வரகை உழவரிடம் ஆதரவு விலைக்கு வாங்கி ரேஷனில் தருகிறது. இரண்டும் நடந்து காட்டிய வழிகள். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு ஒன்றியத்திலாவது இப்படி வாங்கிய பொருளில் பள்ளி அடுப்பு எரிய வேண்டும்.

2026-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பெண் உழவர் ஆண்டாக அறிவித்துள்ளது. எங்கள் மாவட்டத்தில் நாற்று பறிப்பது, நடுவது, களை எடுப்பது, கடலை ஆய்வது, பூப் பறிப்பது எல்லாம் பெண்கள். பட்டாவில் பெயர் இருப்பது பெரும்பாலும் ஆண்களுக்கு. பட்டாவில் பெயர் இல்லாததால் பயிர்க்கடன் இல்லை, இழப்பீடு இல்லை, ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் தரும் பிரதமர் உதவித்தொகையும் இல்லை. கணவன் பெயரில் உள்ள நிலத்துக்கு மனைவி பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா எழுத ஊர் ஊராக முகாம் நடத்த வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் ஊர்ப் பெண்களைச் சைக்கிள் மேல் ஏற்றியது. கல்குவாரியில் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே அன்றைய மாவட்ட நிர்வாகம் குவாரியைக் குத்தகைக்குக் கொடுத்தது. செய்து காட்டிய மாவட்டம் இது. தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தைப் பெண்கள் குழுக்களுக்குப் பத்தாண்டுக் குத்தகைக்குத் தர வேண்டும் என்று கேட்கும்போது புதிதாக எதையும் நாங்கள் கேட்கவில்லை.

குத்தகைக்கு உழுகிறவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். வாய்ச்சொல்லில் குத்தகை, கையில் ஒரு தாள் கிடையாது. வெள்ளம் வந்தால் பயிர் போவது அவருக்கு, நிவாரணம் போவது பட்டாதாரருக்கு. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-இலேயே சட்டம் உண்டு. 2018 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை உழவர் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து யார் உழுகிறார் என்று பார்த்து அடங்கலில் எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். நில உரிமையாளரின் உரிமைக்கு அதனால் ஒரு குறையும் வராது என்பதை அரசே ஆணையில் எழுதிவிட்டால் அவர்களும் தடுக்க மாட்டார்கள். உழவர் அடையாள எண் தரும் வேலை நடக்கும்போதே இதையும் முடிக்க வேண்டும். குத்தகைதாரர் இல்லாத பட்டியல் ஒன்று நிலைத்துவிட்டால், அதைத் திருத்த இன்னொரு தலைமுறை ஆகும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் தென்னையையும் பலாவையும் மாவையும் வேரோடு சாய்த்தது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் தந்தார்கள். பல பத்தாண்டுகள் காய்க்கும் மரத்துக்கு 600 ரூபாய்! மறுபடி நட்ட கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆனது. அதுவரை குடும்பங்கள் கடனில் ஓடின. மரப்பயிருக்கு, இனி வரக்கூடிய காய்ப்பு ஆண்டுகளைக் கணக்கிட்டு இழப்பீடு தரும் விதியை அடுத்த புயலுக்கு முன் எழுத வேண்டும். நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டில் ஆண்டுதோறும் நவம்பர் 15-க்குள் எங்களைப் பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டுகிறோம். எந்த வயலில் அறுத்துச் சோதித்தார்கள், எவ்வளவு விளைச்சல் என்று எழுதினார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. சோதனை நடக்கும் நாளை முன்கூட்டியே ஊரில் சொல்லி, புல எண்ணோடு முடிவைக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். நாங்கள் கட்ட ஒரு கெடு உண்டு என்றால், நிறுவனம் கொடுக்கவும் ஒரு கெடு வேண்டும்: அடுத்த விதைப்புக்கு முன். விராலிமலைப் பக்கம் மயில் தின்ற கடலைக்கும், காட்டுப்பன்றி கிளறிய வயலுக்கும் இதே வேகத்தில் இழப்பீடு தர வேண்டும். மயிலை நாங்கள் தெய்வத்தின் வாகனமாக வணங்குகிறவர்கள். அதைக் காக்கும் செலவு கடலைக்காரர் தலையில் மட்டும் விழுவது சரியல்ல.

கீரமங்கலத்துப் பூவுக்குக் குளிர்பதனக் கிடங்கும் வாசனை எடுக்கும் ஆலையும் நெடுங்காலக் கோரிக்கை. முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் குப்பையில் கொட்டும் விலை என்று எத்தனை ஆண்டு ஓட்டுவது? வடகாட்டுப் பலாவுக்கும் பதப்படுத்தும் கூடம் ஒன்று அதே வளாகத்தில் வரட்டும்.

உரம் விதைப்புக்கு முன் வர வேண்டும். 266 ரூபாய் 50 காசு யூரியா மூட்டை கேட்டால் கூடவே வேண்டாத மருந்தையும் வாங்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இரசாயன உரத்தைக் குறைப்பதில் எங்களுக்கும் விருப்பம் உண்டு; தொழுவுரமும் கண்மாய் வண்டலும் எங்கள் பழைய செல்வங்கள். ஆனால் 2021-இல் இலங்கை அரசு ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்ததும், அங்கே நெல் விளைச்சல் சரிந்ததும், அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்க நேர்ந்ததும் நமக்கு அக்கரைச் செய்தி அல்ல. 2022-இல் அங்கே வாழ வழியின்றிப் படகேறித் தமிழகக் கரைக்கு வந்தவர்களை நாம் கண்டோம். மண்ணை மாற்றும் எந்தக் கொள்கையும் உழவரோடு பேசி, ஐந்தாறு போகம் படிப்படியாக, இழப்பை அரசு பகிர்ந்துகொண்டு நடக்க வேண்டும்.

கூலிவேலை செய்கிறவர்களின் உணவு அவர்களின் கூலியில் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் புதிய சட்டம் வந்திருக்கிறது. 125 நாள் என்கிறது. செலவில் நாற்பது விழுக்காட்டை மாநிலத்தின் மேல் வைக்கிறது. நாள் எண்ணிக்கை தாளில் ஏறுவதால் அடுப்பு எரியாது. ஒன்றியமும் மாநிலமும் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும்வரை கூலி நிற்கக் கூடாது. வேலை செய்த பதினைந்தாம் நாளுக்குள் பணம் வர வேண்டும். இந்த வேலையின் முதல் உரிமை வரத்து வாரிகளுக்குத் தரப்பட வேண்டும். அப்போது எங்கள் முதல் கோரிக்கையும் இதுவும் ஒரே மண்வெட்டியில் நிறைவேறும்.

2009 தேர்தல் முதல் புதுக்கோட்டைக்கென்று தனி மக்களவைத் தொகுதி இல்லை. எங்கள் மாவட்டம் திருச்சி, சிவகங்கை, இராமநாதபுரம், கரூர் என நான்கு தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. நான்கு பேருக்கும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடக் கூடாது. நான்கு மக்களவை உறுப்பினர்களும், கந்தர்வக்கோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி ஆகிய ஆறு தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும், மாவட்ட ஆட்சியரும் ஒரே மேசையில் அமர்ந்து, இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரே ஒரு தேதியும் பொறுப்பான அலுவலரின் பதவியும் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளை மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கிராமசபைக் கூட்டத்தில் உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர், அதன் வாரி அடைபட்ட இடம், குத்தகைக்கு உழுகிறவர்களின் எண்ணிக்கை, ரேஷனில் உளுந்தும் கடலை எண்ணெயும் வேண்டும் என்ற முடிவு ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்டு, நகல் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.